மங்கை சந்திப்பு

பூதங்குடிக்கு ரயில் வராது, வேண்டுமென்கிறவர்கள் அவரவர் வீட்டுக்குள் அவரவரே விட்டுக்கொள்ளலாம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிவிட்டுப் போனார்கள். அதன்பிறகு தெருவில் எல்லோரும் பாதை போட்டுவிட்டார்கள். சைக்கிள் கடை வைரக்கண்ணு மட்டும் போடவில்லை. அவருக்கு ரயில்மேல் விரோதம் ஒன்றுமில்லை. வீட்டில் இடமில்லை, அவ்வளவுதான். ஒரு கூடம், ஒரு சமையற்கட்டு, இரண்டுக்கும் நடுவே தலை இடிக்கிற ஒரு நிலை. கூடத்தில் கட்டிலைப் போட்டால் நாற்காலி வெளியே போகவேண்டும். நாற்காலி உள்ளே வந்தால் வைரக்கண்ணு வெளியே போகவேண்டும்.

எதிர்வீட்டு ரத்தினசபாபதி வசதிக்காரர். மருமகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய பெட்டியைப் பிரித்து மாடி முழுக்கத் தண்டவாளம் விரித்துவிட்டார். பால்காரர்கூட அவர் வீட்டு வண்டியில்தான் கும்பகோணம் போய்வருகிறார்.

இதில் சூட்சுமம் ஒன்றுமில்லை. பெரிய பாதையில் வருகிறவர் கும்பகோணத்தில் இறங்கி வீட்டுப் பாதைக்கு மாறவேண்டும். பாதை குறுகினால் வண்டி குறுகும். வண்டி குறுகினால் உள்ளே உட்கார்ந்திருப்பவர் மட்டும் அப்படியே இருப்பேன் என்றால் நடக்கிற காரியமா? வீட்டுக்கு வந்து பிளாட்பாரத்தில் காலை வைத்ததும் பழையபடி ஆகிவிடுவார். பிளாட்பாரத்தில் வைக்கவேண்டும், அதுதான் முக்கியம். வழியில் இறங்கினால் இறங்கிய அளவுதான். ரத்தினசபாபதியின் மச்சினர், வளைவில் வண்டி நின்றபோது பீடி பற்றவைக்க இறங்கினார். இப்போது அந்த வீட்டு ஊறுகாய் ஜாடியின் மூடிமேல் குடியிருக்கிறார். நல்ல மனிதர். பேப்பரை விரித்துப் போட்டால் தலைப்புச் செய்தியை நடந்து நடந்து படித்து முடிக்க மத்தியானம் ஆகிவிடும்.

வைரக்கண்ணுவின் ஒரே மகள் மங்கையர்க்கரசியை நாக்பூரில் கட்டிக்கொடுத்திருந்தது. அவள் ஒருநாள் போன் செய்தாள்.

“அப்பா, பஸ்ஸுல குலுங்கக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. ரயில்னா வரலாமாம். நம்ம வீட்டுக்கு ரயில் இருக்குல்ல?”

“இருக்கும்மா” என்றார் வைரக்கண்ணு.

“இல்லன்னா பிரசவத்தை இங்கயே வச்சுக்கலாம்னு அத்தை சொல்றாங்க.”

“அதான் இருக்குங்கிறேன்ல.”

அவர் போனை வைத்ததும் மனைவி செங்கமலம் சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“எங்க இருக்கு?”

“வரும்.”

“தலைப்பிரசவத்துக்குப் பொண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிட்டு வரலைன்னா, நாளைக்குச் சம்பந்தியம்மா முன்னாடி நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு நிக்கிறது?”

“இருக்கிற முகத்தை வச்சுக்க. பாதையை நான் பார்த்துக்கிறேன்.”

பார்த்துக்கொள்ள அவரிடம் இருந்ததெல்லாம் கடையில் கழித்துப்போட்ட சாமான்கள்தான். சைக்கிள் கம்பிகளை நிமிர்த்தித் தண்டவாளமாக்கினார். பள்ளிக்கூட வாசலில் பொறுக்கிய ஐஸ் குச்சிகள் குறுக்குக் கட்டைகளாயின. ஜல்லிக்குக் கடுகு கேட்டார். செங்கமலம் அஞ்சறைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

“கடுகு தரமாட்டேன். தாளிக்கணும். கேழ்வரகு வேணும்னா அள்ளிக்குங்க.”

கேழ்வரகு ஜல்லியாயிற்று. பல்பொடி டப்பாவுக்குச் சட்டைப் பொத்தான்களைச் சக்கரமாக்கி, சைக்கிள் டைனமோவை வயிற்றில் வைத்துக் கட்டியதில் என்ஜின் வந்துவிட்டது. பெட்டிகளுக்குத் தீப்பெட்டி. பாதை கொல்லைச் சாக்கடைத் துவாரம் வழியாக நுழைந்து, சமையற்கட்டைக் கடந்து, நிலைப்படி ஏறி இறங்கி, கூடத்துக்கு வந்து, கட்டிலுக்கடியில் புகுந்து, வாசல் தூம்பு வழியாக வெளியே போயிற்று. கட்டில் இருந்ததால் குகை தனியாகக் குடையவேண்டியிருக்கவில்லை. சாக்கடைமேல் தோசைக்கரண்டியைப் பாலமாகப் போட்டார்கள். செங்கமலம் தோசை வார்க்கும்போது பாலத்தை எடுத்துக்கொள்வாள். அதுவரை வண்டி அந்தப் பக்கம் நிற்கும்.

பிளாட்பாரத்துக்குத்தான் யோசனையாக இருந்தது. செங்கமலம் பரணிலிருந்து ஒரு மணைப்பலகையை இறக்கிக் கொடுத்தாள். அவளுடைய கல்யாணத்துக்கும் வளைகாப்புக்கும் உட்கார்ந்த மணை. ஓரத்தில் மாக்கோலத்தின் வெள்ளை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

“என் பொண்ணு இதுல இறங்கட்டும்” என்றாள்.

மிச்சம் இருந்தது பெயர்ப்பலகை. மஞ்சள் பெயிண்ட் கடையிலேயே இருந்தது. ஆனால் வீட்டுக்குப் பெயர் கிடையாது. வைரக்கண்ணு தூரிகையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நாக்பூர் போன பெண்ணை இந்தப் பலகைக்குக் கீழேதானே மறுபடி சந்திக்கப்போகிறோம் என்று தோன்றியது. மனசு இளகிப்போய், நல்ல கொட்டை எழுத்தில் ‘மங்கை சந்திப்பு’ என்று எழுதினார்.

“நல்லாருக்குங்க. பத்திரிகை அடிச்ச மாதிரி இருக்கு” என்றாள் செங்கமலம்.

பெயிண்ட் காய்ந்ததும் தள்ளுவண்டியில் ஸ்டேஷன் மாஸ்டர் வந்து சேர்ந்தார். பெயர் செபஸ்தியான். வெள்ளை உடுப்பு, தொப்பி, சுண்டுவிரல் உயரம். வேலையில் இருக்கும்வரை ஊழியர்கள் வளர்வதில்லை. அது விதி. அவர் கழுத்தைப் பின்னால் சாய்த்துப் பலகையைப் படித்தார்.

“சந்திப்புங்களா?”

“ஆமாங்க சார்.”

“நல்லா யோசிச்சுத்தான் எழுதினீங்களா?”

“இதுல யோசிக்க என்ன சார் இருக்கு? பெத்த பாசம்.”

மாஸ்டர் அதற்குமேல் கேட்கவில்லை. பாசத்தைப் பற்றிக் கேட்க அவருக்கு அதிகாரமில்லை.

மறுநாள் காலை தூத்துக்குடி வண்டி வந்தது. அதன் பின்னாலேயே திருப்பதி வண்டி. பிறகு வாரணாசியிலிருந்து ஒன்று, ராமேஸ்வரத்துக்கு ஒன்று. சந்திப்பு என்று எழுதிவிட்டால் பாதைகள் சந்திக்காமல் என்ன செய்யும்? வந்தவர்கள் மணையில் இறங்கி, முழு ஆளாகி, கூடத்தில் துண்டை விரித்துப் படுத்து, அடுத்த வண்டி வந்ததும் எழுந்து போனார்கள். ஒரு கல்யாணக் கோஷ்டி பெண்ணையும் மாப்பிள்ளையையும் கட்டிலில் உட்காரவைத்துவிட்டுக் காப்பிக்கு நின்றது. சிக்னல் கைகாட்டிமேல் யாரோ ஈரத் துண்டைக் காயப்போட்டதில், அரியலூர் வண்டி தயங்கிப் பின்னாலேயே போய்விட்டது. அதற்காகக் காத்திருந்த ஒருவர் தகரப்பெட்டியோடு மணையின் ஓரத்தில் நின்று பேப்பர் படிக்க ஆரம்பித்தார்.

வைரக்கண்ணு நாற்காலியோடு தெருவுக்கு வந்துவிட்டார். ரத்தினசபாபதி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே வந்தார்.

“என்ன வைரக்கண்ணு, வீட்டுல விசேஷமா?”

“இல்லண்ணே. வண்டி மாத்துறாங்க.”

“சிங்கப்பூர் சாமான் போட்டும் எனக்கு வெறும் நிறுத்தம்தான் குடுத்தான். நீ கேழ்வரகைக் கொட்டிட்டுச் சந்திப்பு வாங்கிட்ட. யாரைப் பிடிச்ச?”

“யாரையும் பிடிக்கலைண்ணே. தமிழ்ல எழுதினேன்.”

ரத்தினசபாபதி அதை நம்பவில்லை.

மங்கை வருகிற வண்டி ஒரு முற்பகலில் வந்தது. அதாவது, வந்துவிட்டது என்று மாஸ்டர் சொன்னார். ஆனால் மணையை ஒட்டி ஒரு கூட்ஸ் வண்டி நின்றுகொண்டிருந்தது. பெட்டிக்கு ஒரு நெல்மணி ஏற்றி, ஆட்டம் காணாமல் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். அதனால் மங்கையின் வண்டியை அவுட்டரில் போட்டுவிட்டார்கள். அவுட்டர் என்பது சமையற்கட்டு நிலைப்படி.

வைரக்கண்ணு முழங்காலிட்டுக் குனிந்து பார்த்தார். மூன்றாவது தீப்பெட்டியின் ஜன்னலில் மகள் முகம் தெரிந்தது. மிளகளவுதான் இருந்தது, ஆனால் கொஞ்சம் வெளிறியிருந்தது.

“அப்பா.”

“வந்துட்டியாம்மா. சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்ப்பா. இடுப்பு விட்டு விட்டு வலிக்குது.”

பக்கத்தில் மாப்பிள்ளை தியாகராஜன் தலையை நீட்டினார். “மாமா, இங்க எவ்வளவு நேரம் போடுவாங்க?”

செங்கமலம் முறத்தோடு ஓடிவந்துவிட்டாள். “நகருங்க. எம்பொண்ணை நான் முறத்துல ஏந்திக்கிறேன்.”

“ஊறுகாய் ஜாடியை நெனச்சுப் பாரு” என்றார் வைரக்கண்ணு.

அவள் நின்றுவிட்டாள். ஏதோ கணக்குப் போடுகிறவள் மாதிரி வண்டியைப் பார்த்தாள்.

“வலி முத்தி இங்கயே பொறந்துட்டா?”

“பொறந்த அளவுதாம்மா” என்று கீழேயிருந்து மாஸ்டர் சொன்னார். “அப்புறம் எந்தப் பிளாட்பாரத்துல வச்சாலும் வளராது. ஏறும்போது பெருசா இருந்தவங்கதான் இறங்கும்போது பெருசாவாங்க.”

செங்கமலம் முறத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். வைரக்கண்ணு மாஸ்டரிடம் கும்பிட்டார்.

“கூட்ஸை எடுக்கச் சொல்லுங்க சார்.”

“டிரைவர் உங்க செருப்பு நிழல்ல படுத்திருக்காருங்க. அவருக்கு டியூட்டி நேரம் முடிஞ்சிருச்சு. எழுப்பினாலும் ஓட்டக்கூடாது.”

“அப்ப பலகையை அழிச்சுடறேன். நான் எழுதினது அந்தச் சந்திப்பு இல்ல சார். பார்க்கிறது, பேசுறது, அந்தச் சந்திப்பு.”

“எனக்கு அது மொத நாளே தெரியுங்க. ஆனா ரயிலுக்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். இப்ப இதை நம்பித் தூத்துக்குடியிலேர்ந்து ஆளுங்க கிளம்பிட்டாங்களே.”

உள்ளே மங்கை பல்லைக் கடித்துக்கொண்டு ‘ம்ம்’ என்பது, கொசு பறப்பதுபோல் கேட்டது. தான் கொட்டை எழுத்தில் எழுதிய ஒரு வார்த்தை மகளை நிலைப்படியில் நிறுத்திவிட்டதே என்று வைரக்கண்ணு தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

செங்கமலம் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“சார், வண்டி பிளாட்பாரத்துக்கு வந்துதான் ஆளு இறங்கணும். சரி. பிளாட்பாரம் வண்டிகிட்ட வரக்கூடாதுன்னு எங்கயாவது இருக்கா?”

மாஸ்டர் தொப்பியைக் கழற்றினார். மண்டையைத் தடவினார். தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

“இல்லைம்மா.”

“பிடிங்க” என்றாள் கணவனிடம்.

இருவரும் மணையை ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். அரியலூர்க்காரர் அதன்மேல்தான் நின்றுகொண்டிருந்தார். பெட்டியோடு அவரையும் சேர்த்தே தூக்கவேண்டியிருந்தது. அவர் பேப்பரிலிருந்து நிமிரவில்லை. ஒரு பக்கத்தைத் திருப்பினார். நிலைப்படி ஓரம் கொண்டுபோய், தீப்பெட்டிக் கதவுக்கு நேராக, நூல் பிடித்ததுபோல் மணையை வைத்தார்கள்.

“வலது காலை எடுத்து வைம்மா” என்றாள் செங்கமலம்.

மங்கை வலது காலை எடுத்து வைத்தாள். அடுத்த மூச்சில் வளையல் கைகளும் நிறைந்த வயிறுமாக, முழுப் பெண்ணாக மணைமேல் உட்கார்ந்திருந்தாள். அரியலூர்க்காரர் ஒதுங்கி இடம் கொடுத்தார். மாப்பிள்ளை இரண்டு பைகளோடு பின்னால் இறங்கி நிலையில் தலையை இடித்துக்கொண்டார். செங்கமலம் மகளின் முகத்தை இரண்டு கையாலும் வழித்துத் திருஷ்டி முறித்தாள்.

“எளைச்சுட்டியேடி.”

“அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போகணும்மா.”

ஆஸ்பத்திரி கும்பகோணத்தில் இருந்தது. பஸ் ஆகாது. ரயிலில் போனால் மறுபடி சிறுத்துப்போகவேண்டும், வழியில் வலி முற்றினால் பழைய கதைதான். வைரக்கண்ணு மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். தரையில் மாஸ்டர் நின்றிருந்தார்.

“ஒரு விஷயங்க” என்றார் மாஸ்டர். “நின்ன இடத்துலயே நிக்கிற வரைக்கும்தான் மணை பிளாட்பாரம். கிளம்பிருச்சுன்னா அது வண்டி. வண்டியோட ஒட்டிக்கிட்டு இருக்கிறதெல்லாம் பெட்டி. விதிப்படி பார்த்தா உங்க வீடு இப்பப் புறப்படத் தயாரா நிக்குது. பாதை இல்லாமப் போறதால குறுகவும் குறுகாது.”

“எந்த ஊருக்கு?”

“நீங்க சொல்றதுதான்.”

“கும்பகோணம்” என்று மூன்று பேரும் சொன்னார்கள். மங்கைக்குச் சொல்ல மூச்சில்லை. அரியலூர்க்காரர் மட்டும் “பரவாயில்ல, சுத்திப் போய்க்கிறேன்” என்றார்.

மாஸ்டர் ஒரு கறிவேப்பிலையை உயர்த்திக் காட்டி விசிலை ஊதினார். வீடு கிளம்பியது. ரத்தினசபாபதி வீட்டுத் தென்னையில் கட்டியிருந்த கொடிக்கயிறு மட்டும் அறுந்தது. அறுவடை முடிந்திருந்ததால் வயல் வழியாகவே போனார்கள். வரப்பில் ஏறி இறங்கும்போதுகூடக் குலுங்கவில்லை. அடுப்பில் கொதித்த ரசம் தளும்பவில்லை. டாக்டரம்மா நாக்பூரிலிருந்து பார்த்திருந்தால் ஒரு குறையும் சொல்லியிருக்கமாட்டார். ஆஸ்பத்திரி வாசலில் நின்றதும் ஒரு நர்ஸ் வந்து மங்கையைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டாள். திரும்பி வைரக்கண்ணுவிடம், “வீட்டைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க, ஆம்புலன்ஸ் வரணும்” என்றாள்.

இங்கே பூதங்குடியில் ரத்தினசபாபதி மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பல் குச்சியோடு வெளியே வந்து பார்த்தார். எதிரே வெறும் மனை இருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பசுவை ஓட்டிவந்து அங்கே கட்டினார். வண்டி மாற வந்தவர்களிடமெல்லாம், “கிளம்பிடுச்சு, உட்காருங்க, வரும்” என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கைமாறு கருதாமல்தான் செய்தார், ஆனால் தோளில் ஒரு பச்சைத் துண்டு போட்டுக்கொண்டார்.

குழந்தைக்குத் தீட்டுக் கழித்துப் புண்ணியதானம் செய்யவேண்டிய நாளுக்கு முன்னால் வீடு திரும்பியது. ரத்தினசபாபதி பசுவை அவிழ்த்து ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார். வீடு மெதுவாக வந்து பழைய இடத்தில் நின்றது. வைரக்கண்ணு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வெளியே வந்தார்.

“என்ன கொழந்தை?”

“பொண்ணுண்ணே. மூணு கிலோ.”

“முழு அளவுதானே?”

“முழு அளவு.”

“சந்தோஷம். ஏன் இவ்வளவு லேட்டு?”

“கும்பகோணத்துல வீட்டைத் திருப்ப இடமில்ல. மாயவரம் போய்த் திருப்பிட்டு வந்தோம்.”

ரத்தினசபாபதி தலையாட்டினார். பிறகு எட்டிப் பார்த்தார். சமையற்கட்டுக்குப் பின்னால், முன்பு கொல்லை இருந்த இடத்தில், புதிதாக ஓர் அறை இருந்தது. பச்சை ஜன்னல். ஜன்னலுக்குள்ளே தூளி ஆடிக்கொண்டிருந்தது. செங்கமலம் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

“அது என்ன?”

“மாயவரத்துல கோத்துவிட்டாங்க. கூட்டம் ஜாஸ்தியாயிடுச்சுன்னு.”

ரத்தினசபாபதி பசுவின் கயிற்றை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“ஏசிப் பெட்டியா?”

“இல்லண்ணே. ஸ்லீப்பர்தான்.”