ரஸ்ஸல் டனவே இருக்காரா?

செவ்வாய்க்கிழமை மதியம் போன் அடித்தது. ஓப்பல் அதற்காகவே காத்திருந்தாள்.

"ரஸ்ஸல் டனவே இருக்காரா மேடம்?"

"ஆத்துக்குப் போயிருக்கார். மீன் பிடிக்க."

"போன வாரமும் இதையேதானே சொன்னீங்க!"

"மீன் இன்னும் சிக்கலை. அதுக்கு நான் என்ன பண்றது?"

மறுமுனையில் கென்ட்ரிக் சிரித்துவிட்டான். கடன் வசூலிப்பவன் சிரிக்கக் கூடாது. ஆனால் இவன் சிரிப்பான்.

அவள் கணவன் ரஸ்ஸல் இறந்து ஆறு வருடம் ஆகிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவன் ஸ்ட்ரெச்சரில் கிடந்தபோது, நீட்டிய தாளிலெல்லாம் ஓப்பல் கையெழுத்துப் போட்டாள். அந்த ஆஸ்பத்திரி பில் வசூலுக்குப் போய், கம்பெனி விட்டுக் கம்பெனி விற்கப்பட்டு, இப்போது கென்ட்ரிக்கின் முதலாளியிடம் இருக்கிறது. கடன் கை மாறியதே தவிர, ரஸ்ஸல் செத்த சேதி கை மாறவில்லை.

பாதுகா என்ற அந்த ஆற்றங்கரை ஊரில் யாரும் அவள் எதிரில் அந்தப் பெயரை எடுப்பதில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டும் சக டிரைவர்கள்கூட பேச்சை மாற்றிவிடுவார்கள். 'இருக்காரா' என்று கேட்கிற ஒரே ஆள் கென்ட்ரிக்தான்.

"நல்லெண்ணத்துக்கு ஒரு இருபத்தஞ்சு டாலர் கட்டுங்க மேடம். மிச்சத்தை அடுத்த செவ்வாய் பேசிக்கலாம்."

அடுத்த செவ்வாய்!

"சாயங்காலம் கூப்பிடு. கார்டை எடுத்து வைக்கிறேன்" என்றாள்.

பேருந்தை எடுக்குமுன் கடன் சங்கத்தில் எட்டிப் பார்த்தாள். டென்னசி ஆற்றங்கரை நீல வீட்டுக்குக் கடன் கேட்டிருந்தாள். படகில் போகும்போதெல்லாம் ரஸ்ஸல் அதன் வராந்தாவைக் காட்டி, "அங்க உக்காந்து கிழடாகணும்டி" என்பான். இப்போது அது விலைக்கு வந்திருக்கிறது.

இருபத்தைந்து டாலர் கட்டப்போவதைக் கேட்டதும் நெட்டி தலையில் அடித்துக்கொண்டாள். பள்ளித் தோழி, கடன் பிரிவு அதிகாரி.

"பைத்தியமா உனக்கு? ஒரு டாலர் கட்டினாலும் கெடு முடிஞ்சு செத்த கடனுக்கு உயிர் வந்துடும்டி! கோர்ட்டுக்கு இழுப்பான்."

"உயிர் வருமா?" ஓப்பல் மெல்லக் கேட்டாள்.

நெட்டி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். குரல் தணிந்தது.

"கடனுக்குடி. ரஸ்ஸலுக்கு இல்லை. உன் கடன் வரலாற்று அறிக்கையில இந்த பில் பாக்கின்னு இருக்கிற ஒரு வரிதான் வீட்டை மறிக்குது. இன்ஷூரன்ஸ் அந்த பில்லை அப்பவே கட்டியிருக்கும்னு தோணுது. பாக்கி இருக்குங்கிறதுக்கு ஆதாரம் கேளு. காட்ட முடியலைன்னா அந்த வரியை எடுத்தே ஆகணும். கடிதத்தை நானே எழுதித் தரேன். ஆனா இனிமே போன்ல பேச்சே கூடாது, வாய் தவறி ஒத்துக்கிட்டாலும் போச்சு. எல்லாம் கடிதத்துலதான்."

"பேசவே கூடாதா?"

"நவம்பர் கடைசியில நன்றித் திருநாள் வரைக்கும்தான் வீட்டை விக்கிறவர் பொறுப்பார். வீடா, அந்தப் பயலோட அரட்டையா? நீயே சொல்லு."

சாயங்காலம் போன் அடித்தது.

"கார்டு ரெடியா மேடம்?"

"முதல்ல எப்பவும் கேக்கறதைக் கேளுப்பா."

"எதை... ஓ. ரஸ்ஸல் டனவே இருக்காரா?"

ஓப்பல் கண்களை மூடிக்கொண்டாள். ஆற்றில் எங்கோ சரக்குப் படகு ஊதியது.

"இல்லை." கண்களைத் திறந்தாள். "செத்துட்டார். ஆறு வருஷமாச்சு. இந்தக் கடனை நான் ஒத்துக்கலை. ஆதாரத்தை எழுத்துல அனுப்பு. இனிமே போன் பண்ணாதே."



"ஸாரி மேடம். எனக்குத் தெரியாது." பிறகு, போனை வைக்க மனமில்லாதவன் போல, "அப்போ அந்த மீன்?"

"அவருக்கு என்னிக்குப்பா மீன் சிக்கிச்சு?" ஓப்பல் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. அவளே வைத்துவிட்டாள்.

நெட்டி எழுதிய கடிதம் போயிற்று; ஆதாரம் எதுவும் வரவில்லை. அறிக்கையிலிருந்து அந்த வரி நீங்கியது, வீட்டுக் கடனும் கிடைத்தது. நன்றித் திருநாளுக்கு முந்தின வாரம் நெட்டி சாவியைக் கொண்டுவந்து கையில் வைத்தாள்.

நீல வீட்டு வராந்தாவில் இரண்டு நாற்காலிகள் போட்டாள். செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்றில் உட்கார்ந்தாள். போன் மடியில் இருந்தது.

அடிக்காது என்று தெரியும். இருந்தாலும் ஒருமுறை எடுத்துப் பார்த்தாள்.