வெந்நீருக்குப் போன மலை

உமானி மலையை ஊரைவிட்டு நகர்த்தியவன் நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை, வாயைத் திறந்தேன், அவ்வளவுதான். ஆகஸ்ட் மாதத்து முதல் வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி இருக்கும். ஆகஸ்டில் பூமி வாயைத் திறந்து வைத்திருக்கும் என்பதால் எங்கள் வீலாகோட்டாவில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் மலையைப் பார்த்து நின்று, சாராயத்தைத் தரையில் ஊற்றி, வேண்டியதைக் கேட்பார்கள். ஊற்றும்போது வாயிலிருந்து என்ன வந்தாலும் அது மனுவாகிவிடும். ஆகவே பாட்டில் சரிந்திருக்கும் நேரத்தில் எங்கள் ஆட்கள் தும்முவதைக்கூட யோசித்துத்தான் தும்முவார்கள். நான் ஊர்க்கூட்டத்தின் செயலாளர். இந்த விதியைக் குறிப்பேட்டில் என் கையாலேயே மூன்று முறை எழுதியவன். அப்படிப்பட்ட நான் பாட்டிலைச் சரித்து, லாமாக்களுக்குக் குளிர் தாங்கும் மயிர் வேண்டும் என்று கேட்க வாயெடுத்தபோது, முதுகுக்குப் பின்னால் ஒரு குரல், "அமிகோ, வெந்நீர் ஊற்று எங்க இருக்கு?" என்றது. திரும்பாமலே சொன்னேன்: "இந்தா, இந்த மலைக்குப் பின்னாடிதான்."

ஊற்று மலைக்குப் பின்னால் இல்லை. அது தெற்கே, நடந்து போனால் ஆறு நாள் தூரத்தில் இருந்தது. ஆனால் நாலாயிரம் மீட்டர் உயரத்தில் வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் ஒருவனிடம் ஆறு நாள் என்று எந்த மனசாட்சியுள்ளவன் சொல்லுவான்? எங்கள் பக்கத்தில் எல்லா ஊரும் பக்கத்தில்தான் இருக்கிறது, எல்லா பஸ்ஸும் இதோ வந்துகொண்டுதான் இருக்கிறது. 'இல்லை', 'தெரியாது', 'முடியாது' என்பவை ரேடியோவில் மட்டும் கேட்கக்கூடிய சொற்கள். என் அப்பா சாகக் கிடந்தபோது பிழைப்பேனா என்று கேட்டதற்குக்கூட நர்ஸ் "பாக்கலாம் தாத்தா" என்றாள். அவரும் அதில் திருப்தியடைந்து அன்று மாலையே இறந்துபோனார்.

உமானிக்கும் எங்கள் ஊரில் தாத்தா என்றுதான் பெயர்; எனவே அவர் என்றே எழுதுகிறேன். ஊர்க்காரன் ஒருவன், அதுவும் செயலாளர், பொய்யனாகிவிடக் கூடாது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுந்தார். கொஞ்சம் தூசி பறந்தது, நாய்கள் குரைத்தன. ஊற்றுக்கு முன்னால் போய் நின்றுவிட்டால் ஊற்று மலைக்குப் பின்னால் இருப்பதாகிவிடும் என்ற கணக்கில், அவர் தெற்கே நடக்க ஆரம்பித்தார். அவர் நின்றிருந்த இடம், பல வருடம் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவை எடுத்த சுவர் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

வழி கேட்டவன் பெயர் யோரிஸ். கடலைவிடத் தாழ்வான ஒரு நாட்டிலிருந்து வந்தவன். அங்கே மலையே கிடையாதாம். அதனால் மலை நடப்பதைப் பார்த்து அவன் ஆச்சரியப்படவில்லை, மலை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டான். முதுகில் அவன் சுமந்த பையில் எங்கள் பள்ளிக்கூடத்தையே மடித்து வைக்கலாம். அதில் கூடாரம், அடுப்பு, தண்ணீரைச் சுத்தம் பண்ணும் குழாய், காற்றடித்த தலையணை எல்லாம் இருந்தன. வீட்டை விட்டு விடுதலையாகத்தான் வந்தேன் என்று சொன்னவன் வீட்டையே தூக்கிக்கொண்டு வந்திருந்தான். இந்த முதுகுப்பைக்காரர்களை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். லாமா படம் பின்னிய சட்டை போட்டுக்கொண்டு வருவார்கள்; லாமாக்கள் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வறுமை எவ்வளவு அழகாக இருக்கிறது என்று நம்மிடமே சொல்லிவிட்டு, சூப்பில் முடி கிடக்கிறது என்பார்கள். யாரைப் பார்த்தாலும் அமிகோ, அதாவது நண்பன். ஒருவர் பெயரையும் கேட்டுக்கொள்ளாமல் இத்தனை நண்பர்களைச் சம்பாதித்த கூட்டத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

தாத்தா போனதில் ஊருக்கு வந்த நஷ்டம் காற்று. இதுவரை அவர் முதுகில் மோதிக்கொண்டிருந்த காற்று இப்போது நேராக வந்து எங்கள் கூரைகளைத் தூக்கியது, உருளைக்கிழங்குச் செடிகளை ஒரே வாரத்தில் கருக்கியது. ஆனால் எங்கள் ஊர்க் கசிமிரா சொக்கெதோப்பா இழந்தது தண்ணீர். அவள் புருஷன் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அவளிடம் இருந்தவை நாற்பத்து மூன்று லாமாக்களும், தாத்தாவின் காலடியில் ஊறிக்கொண்டிருந்த ஒரு சுனையும், சுனையைச் சுற்றிய ஈரப் புல்வெளியும். சுனை தாத்தாவின் காலில் ஒட்டிக்கொண்டு அவருடனேயே போய்விட்டது. ஒரு மாதத்தில் புல்வெளி பழைய கம்பளம் போலக் காய்ந்தது. லாமாக்கள் தெற்கைப் பார்த்து நின்று கத்தின. ஒரு திங்கட்கிழமை கசிமிரா கதவை இழுத்துச் சாத்தி, பாத்திரங்களை லாமாக்களின் முதுகில் கட்டினாள். நான் ஓடிப்போய், மரியாதைக்குத் தோன்யா சேர்த்து, "தோன்யா கசிமிரா, எங்க கெளம்பிட்ட?" என்றேன்.

"சும்மாதான், இப்படி நடந்துட்டு வரலாம்னு."

"எப்பத் திரும்பி வருவ?"

"பாக்கலாம் செயலாளரே. நீதான் தூரமெல்லாம் நல்லாச் சொல்லுவியே, நீயே சொல்லேன்."

அப்படியாக அந்த ஊர்வலம் உருவானது. முன்னால் தாத்தா, ஒரு மணி நேரத் தூரம் விட்டு யோரிஸ், அவனுக்குப் பக்கவாட்டில் கசிமிராவும் லாமாக்களும். யோரிஸ் எவ்வளவு வேகமாக நடந்தாலும் மலை ஒரு மணி நேரத் தூரத்திலேயே இருந்தது. தன் முதுகுக்குப் பின்னால் ஊற்று வருவதற்கு முன் அவனை அங்கே போகவிட்டால் மனு பொய்யாகிவிடும் அல்லவா? கசிமிராவுக்கு அந்தத் தடை இல்லை. அவள் தினமும் காலையில் நேராக நடந்து போய்ச் சுனையில் லாமாக்களுக்குத் தண்ணீர் காட்டித் திரும்பினாள். ஆறு நாள் வழிக்குத் தாத்தா மூன்று வருடம் எடுத்துக்கொண்டதற்குக் காரணங்கள் உண்டு. பிறர் வயலை மிதிக்கக் கூடாது என்று சுற்றிப் போனார். மழைக்காலத்தில் சேறு என்று உட்கார்ந்துவிட்டார். வழியில் இருந்த ஒவ்வொரு மலையும் அவருக்குத் தூரத்துச் சொந்தம். எல்லோர் வீட்டிலும் இரண்டு வாரமாவது தங்காமல் கிளம்பினால் மரியாதையாக இருக்காது. உப்பு வெளியைக் கடந்தபோதுதான் கசிமிராவின் லாமாக்கள் ஒன்பது செத்தன. புல் இல்லை, உப்பை நக்கி நக்கி நாக்கு வெடித்துச் செத்தன. அதை எனக்கு ஒரு லாரி டிரைவர் சொன்னான். அவள் சொல்லவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். ஒரு பீப்பாய் சாராயத்தை ஊற்றித் திரும்பி வாருங்கள் என்று கெஞ்சினேன். பலன் இல்லை. எந்த அலுவலகத்தையும் போல மலையும் முதல் மனுவை முடிக்காமல் இரண்டாவது மனுவைக் கையில் வாங்காது. நிஜ அலுவலகத்துக்கும் போனேன். அங்கே வரைபடத்தை விரித்துப் பார்த்து, மலை வீலாகோட்டாவில்தான் இருக்கிறது, புகாருக்கு முகாந்திரம் இல்லை என்றார்கள். கடைசியில் யோரிஸையே பிடித்து உண்மையைச் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். முதல் வருடத்து ஈஸ்டர் வாரம் அது. அவன் கல்மேல் உட்கார்ந்து கால் கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, நான் அன்னிக்குச் சொன்னது பொய். ஊத்து அங்க இல்ல. லாரியில ஏறினா நாளைக்கே போயிரலாம். நீ லாரியில போயிட்டா மலையும் நின்னுரும்."

அவன் என்னை இரக்கத்தோடு பார்த்தான். பையிலிருந்து தடிமனான ஒரு புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைக் காட்டினான். உள்ளூர்க்காரர்கள் வண்டியில் ஏற்றிவிடுவதற்காக வழியைத் தப்பாகச் சொல்லுவார்கள், நம்ப வேண்டாம் என்று அதில் அச்சிட்டிருந்தது. "அமிகோ, என்னை ஏமாத்த முடியாது," என்றான். பொய் சொன்னபோது நம்பினான், உண்மையைச் சொன்னபோது என்னைக் கண்டுபிடித்துவிட்டான். இவ்வளவு தெளிவான மூளையை உருவாக்க எத்தனை பள்ளிக்கூடங்கள் தேவைப்பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன்.

இரண்டாம் வருடத்தில் மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். மலை ஒன்று நடக்கிறது என்று கேள்விப்பட்டு எங்கெங்கிருந்தோ வந்து, யோரிஸின் பின்னால் நான்கு நாள், ஐந்து நாள் நடந்துவிட்டு, போய்ச் சேர்வது முக்கியமல்ல என்று ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். மலை எனக்கு ஏதோ கற்றுக்கொடுத்தது என்றாள் ஒருத்தி. தாத்தா யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்ததாக எங்கள் ஊரில் வரலாறு இல்லை. எழுபது வருடம் அவர் நிழலில் வாழ்ந்த என் அப்பாவுக்குக் கையெழுத்துக்கூட வராது. அவர்கள் கசிமிராவின் சமையலுக்கு வைத்திருந்த சாண வறட்டியைக் கொளுத்திக் குளிர் காய்ந்தார்கள், அவளது தொப்பியை வாங்கித் தலையில் வைத்துப் படம் எடுத்தார்கள், செத்துக்கொண்டிருந்த லாமாவின் பக்கத்தில் சிரித்தபடி நின்றார்கள். அவள் மறுபடி சாணம் பொறுக்கப் போனாள். நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாவும் உலர்ந்த உருளைக்கிழங்கும் கொண்டுபோவேன். ஒவ்வொரு முறையும் என்மேல் கோபமா என்று கேட்பேன். "கோவமா? காத்து பலமா அடிக்குதுல்ல," என்பாள். ஊருக்கு வந்துவிடுகிறாயா என்பேன். "வராம எங்க போறேன், பாக்கலாம்," என்பாள். திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பாக்கலாமைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பேன். அதன் எந்தப் பக்கத்திலும் ஒன்றும் எழுதியிருக்காது.

மூன்றாம் வருடம் ஜூலையில் தாத்தா ஊற்றுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். மனு நிறைவேறியது. அன்று மதியமே யோரிஸ் மலையைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனான். போக ஒரு மணி நேரம் ஆயிற்று, ஊற்று நான் சொன்ன இடத்திலேயே இருந்தது. ஆவி பறக்கும் நீரில் இறங்கினான். பத்து நிமிடம் இருந்தான். நான் நினைத்த அளவுக்குச் சூடு இல்லை என்றான். கையை நீட்டித் தன்னையே ஒரு படம் எடுத்துக்கொண்டு, கந்தகம் ஏற்ற வந்த லாரியில் முன் சீட்டில் ஏறிப் போய்விட்டான். மூன்று வருடம் ஒரு மலையை நடக்க வைத்தவன் அதைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. பின்னால் வந்த கூட்டமும் ஒரு வாரத்தில் கலைந்தது; நிற்கும் மலை அவர்கள் ஊர்களிலேயே இருக்கிறதாம்.

முதல் மனு முடிந்ததால் இரண்டாவது மனு கொடுக்கலாம் என்று ஆனது. வீலாகோட்டாவில் கூட்டம் கூடியது. போகச் சொன்ன வாய்தான் வரச் சொல்ல வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதைக் குறிப்பேட்டில் எழுதியவனும் நானே. ஊரில் மிச்சமிருந்த பதினேழு கூரைகளும் கயிற்றில் கட்டித்தான் நின்றன. புதிதாக வந்த டீச்சர்கூட, மலை எங்கே என்று யாராவது கேட்டால், தெற்கே போயிருக்கிறார் என்று கடைக்குப் போனவரைச் சொல்வது மாதிரி சொல்லப் பழகிவிட்டாள். எல்லோருக்கும் தாத்தா வேண்டியிருந்தது. ஆகஸ்ட் பிறந்ததும் நான் பாட்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். தாத்தாவின் தென்பக்கத்துக் கால் வெந்நீருக்குள் முட்டிவரை இறங்கியிருந்தது. அவரைச் சுற்றிலும் ஆவி. அவர் சுனையின் குளிர்ந்த தண்ணீரும் ஊற்றின் வெந்நீரும் கலந்து வழிந்த இடத்தில், இந்த உயரத்தில் நான் எங்குமே பார்த்திராத அளவுக்குப் புல் வளர்ந்திருந்தது. கசிமிரா கல்லும் மண்ணும் வைத்து ஓர் அறை கட்டியிருந்தாள். லாமாக்களை எண்ணிப் பார்த்தேன். குட்டிகளையும் சேர்த்து ஐம்பத்தொன்று. அவள் வெந்நீரில் காலை விட்டு உட்கார்ந்து கம்பளி நூற்றுக்கொண்டிருந்தாள். பாட்டிலைப் பார்த்துவிட்டு நூற்பதை நிறுத்தாமலே கேட்டாள்: "என்ன செயலாளரே, இன்னிக்கு யாரு வழி கேட்டா?"

"யாரும் கேக்கல. கூட்டத்துல முடிவு பண்ணிட்டாங்க. தாத்தாவக் கூட்டிட்டு வரணுமாம்."

"அப்படியா. அவர் காலு ஊறிட்டு இருக்கு. துடைச்சுவிடத் துண்டு கொண்டாந்தியா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தாத்தா வந்தால் சுனையும் வரும், சுனை வந்தால் இவளும் பின்னால் வர வேண்டும். மறுபடியும் சொந்தக்கார மலைகள், சேறு, உப்பு வெளி. இங்கேயே விட்டுவிட்டால் பதினேழு கூரைகள். மூடியைத் திறந்தேன். இந்தக் கையால் எவ்வளவோ பேருடைய தலைவிதியைக் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன், ஒன்றையும் அவர்களைக் கேட்டு எழுதியதில்லை. பாட்டிலை நிமிர்த்தியே பிடித்துக்கொண்டு சொன்னேன்: "இத பாரு கசிமிரா. மூணு வருஷமா எதக் கேட்டாலும் பாக்கலாம்னே சொல்லிட்டிருக்க. நான் ஊத்தினா அவர் எழுந்துருவார். ஊத்தட்டுமா, வேணாமா? காத்து அடிக்குதுன்னு மட்டும் சொல்லாத."

அவள் நூலைக் கீழே வைத்தாள். காலைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்து என் எதிரில் வந்து நின்றாள்.

"வேணாம். ஒன் வாய்க்கு ஒன்பது லாமா குடுத்துட்டேன், பத்தாவது குடுக்க மாட்டேன். அவரும் வரமாட்டாரு, நானும் வரமாட்டேன். ஊருல காத்து தாங்காதவங்க மூட்டையக் கட்டிட்டு இங்க வரட்டும், எடம் கெடக்கு. ஒம்மேல கோவமான்னு கேட்டியே, ஆமா, கோவம்தான். இப்பவும் இருக்கு. உள்ள வந்து சாப்டுட்டுப் போயி, நான் முடியாதுன்னு சொன்னேன்னு அவங்ககிட்ட அப்படியே சொல்லு."