கண்ணில் வைத்த கை

'சோம்பலை விரட்டும் யோகா' என்று எங்கள் பட்டாசுக் கம்பெனி கேட்டில் பேனர் கட்டிய அன்றே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாருக்கு ஐயா சோம்பல்? விடியுமுன்னே உலை வைத்து, பிள்ளைகளுக்குச் சோறு கட்டிக் கொடுத்து, வேனில் இடிபட்டு வந்து இறங்குகிற எங்களுக்கா?

பேனர் வந்ததே என் தங்கை அழகுமீனாவால்தான். புஸ்வாணத்துக்கு வெடிமருந்து அடைக்கிற வேலை அவளுக்கு. கொஞ்ச நாளாகவே தலைசுற்றல், நாலு எட்டு நடந்தால் இளைப்பு. உடம்பில் ரத்தம் குறைவு, மாத்திரையும் ஓய்வும் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். லீவு கேட்டுப் போனவளிடம் மேனேஜர் சின்னச்சாமி, "தீவாளி ஆர்டர் மலையாட்டம் கெடக்கு, லீவாம்ல லீவு! ஒடம்புல ஒண்ணுமில்ல, எல்லாம் மந்தம். விருதுநகர்லருந்து யோகா டீச்சர் வாராக, சரியாப் போயிரும்" என்றார்.

டீச்சர் ஞானசுந்தரியைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். முதல் நாள் காலையில் கைகாலை நீட்டி மடக்கவைத்து, வயிற்றை எக்கி மூச்சை வேகமாக வெளியே தள்ளக் கற்றுக்கொடுத்தார். தலைசுற்றல் உள்ளவர்களுக்கு வேக மூச்சு ஆகாது, மெதுவாக இழுத்து விட்டால் போதும் என்று அழகுமீனாவைத் தனியே உட்காரவைத்தார். எனக்கே கண் தெளிந்து உடம்பு லேசானது.

அது பொறுக்கவில்லை மேனேஜருக்கு. வெயில் ஏறுவதற்குள் மருந்து கலக்கி முடிக்க வேண்டுமாம், காலை நேரம் வீணாகிறதாம். யோகாவை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றினார். கை கழுவிச் சோறு தின்ன இருந்த நேரத்திலும் மண் விழுந்தது. மருந்து படிந்த கையோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம்.

மேனேஜர் செல்போனில் படம் பிடித்தபடி அழகுமீனாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் நன்றாகச் செய்தால் உடம்புக்கு ஒன்றுமில்லை. செய்யாவிட்டால் சோம்பேறி. எப்படிப் போனாலும் லீவு கிடையாது. என்ன நியாயம் இது!

கடைசியில் டீச்சர், "ரெண்டு கையையும் சூடு பறக்கத் தேச்சு, கண்ணு மேல வைங்க" என்றார். எல்லோர் கையும் பாதியில் நின்றது. மருந்துக் கையை முகத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது வேலைக்குச் சேர்ந்த அன்றே படிகிற பழக்கம். அழகுமீனா மட்டும் வைத்தாள். வைத்து அழுத்தினாள்.

அவள் அலறியதும் குடிதண்ணீர்க் குடத்தை எடுத்து முகத்தில் சாய்த்தேன். டீச்சர் பதறிப்போய், "எல்லாரும் கை கழுவியாச்சுன்னு சொன்னீங்களே சார்!" என்று மேனேஜரிடம் கத்தினார்.

"இவளுக்குப் புத்தி எங்கன போச்சு?" என்றார் அவர்.

"ஒங்களுக்கு எங்கன போச்சு? ரத்தமில்லாதவள மூச்சு விடச் சொல்லி வேலை வாங்குறீகளே, வெக்கமா இல்ல?" என்றேன். வேலை போனால் போகட்டும்.

எங்கள் இருவரையும் கம்பெனி வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பார்வைக்குப் பழுதில்லை, புண் ஆறும்வரை தூசிப் பக்கம் போகக் கூடாது என்றார் டாக்டர். அத்தனை நாள் கெஞ்சியும் கொடுக்காத லீவை மேனேஜர் போனிலேயே கொடுத்துவிட்டார்.

திரும்பி வருகையில், கண்கட்டோடு என் தோளில் சாய்ந்திருந்தவளைத் திட்டித் தீர்த்தேன்.

"கிறுக்கி, கையில மருந்து இருக்குன்னு தெரியாது ஒனக்கு?"

"தெரியும்க்கா."

அறைய ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"லீவு தந்துட்டாகல்ல" என்றவள், வண்டி அடுத்த தெரு திரும்புவதற்குள் தூங்கிப்போனாள்.