சந்தனம் பூசிய மெஷின்

பழைய மெஷின் வாங்கப் போகிறவள் தைத்துப் பார்க்கத் துணியும் நூலும் எடுத்துப் போனால் குற்றமா? எங்கள் வீட்டில் குற்றம். "மாமா வீட்டுக்குப் போறோம் வாணி, சந்தைக்கா போறோம்?" என்று என் பையைப் பார்த்ததுமே வீரணன் அண்ணன் ஆரம்பித்துவிட்டான்.

அலங்காநல்லூர் பேச்சிமுத்து மாமா அண்ணனுக்கு மாமனார். பழைய தையல் மெஷின்களை வாங்கிப் பெயிண்ட் அடித்து விற்பவர். பெண் கொடுத்த வீட்டில் பொருளைச் சோதித்து வாங்கக் கூடாதாம். கேட்டீர்களா நியாயத்தை?

எனக்கு வேண்டியது ஒரே ஒரு நல்ல மெஷின். புருஷன் போனதிலிருந்து மகளோடு அண்ணன் வீட்டு அடுப்படியில் கிடக்கிறேன். ஒத்தக்கடையில் ரூத் டீச்சர் தன் வீட்டு முன்னறையை வாடகைக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அங்கே தைத்துப் பிழைத்துக்கொள்வேன். கையில் இருப்பது சீட்டு எடுத்த பணம், அவ்வளவுதான். அது ஓட்டை மெஷினுக்குப் போனால் தீபாவளிக்குத் தைக்க வருகிற துணியும் போச்சு, அந்த அறையும் போச்சு.

மாமா வீட்டில் மெஷின் கல்யாணப் பெண் மாதிரி நின்றது. கறுப்புப் பெயிண்ட், தங்க நிறப் பூ, ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம், குங்குமம்.

"பழைய சரக்கு ஆத்தா. இப்ப வர்ற தகரமெல்லாம் இதுகிட்ட நிக்குமா?" என்றார் மாமா.

நாலாக மடித்த துணியை வைத்து மிதித்தேன். தையல் விட்டு விட்டு விழுந்தது. பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினேன். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் இறுகியது. ஊசித் தண்டைப் பிடித்து அசைத்தால் ஆடுபல்லாக ஆடியது.

"எண்ணெய் விட்டா சரியாயிரும்."

"எண்ணெய்தான் வழியுதே மாமா. இன்னும் எம்புட்டு விடுறது?"

அண்ணன் என் காலை மிதித்தான். நான் காலை இழுத்துக்கொண்டேன். மற்ற இடத்திலெல்லாம் சின்னச் சின்னப் பொட்டு. மெஷினின் கழுத்தில் மட்டும் சந்தனத்தை உள்ளங்கை அகலத்துக்கு அப்பியிருந்தார்கள். எந்தச் சாமி கேட்டது இம்புட்டுச் சந்தனம்? முந்தானையால் துடைக்கக் குனிந்தேன்.

"ஏ, ஏ! பூஜைப் பொட்டை அழிக்காத. அதுவும் நீ அழிச்சா நல்லதுக்கில்ல!"

'நீ' என்பதை அழுத்தித்தான் சொன்னார். புருஷன் இல்லாதவள் அல்லவா நான். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஏம் மாமா, ஊரே கூடி எம் நெத்திப் பொட்டை அழிச்சப்ப நீங்களும் அங்கனதான நின்னீக? அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லல. இரும்புக்குன்னா மட்டும் வாய் வருதாக்கும்?"

துடைத்தேன். அடியில் வெல்டிங் தழும்பு. அதை ஒட்டி நகம் நுழைகிற அளவுக்கு விரிசல். எங்கோ விழுந்து உடைந்த மெஷினை ஒட்டவைத்து என் தலையில் கட்டப் பார்த்திருக்கிறார். மாமா வாசல் தென்னை மரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

"சரி விடு," என்றான் அண்ணன். "தெரியாம நடந்திருக்கும். இப்ப வேணாம்னா மாமா மனசு சங்கடப்படும். பணத்தைக் குடுத்து எடுத்துக்க. பெறகு பாத்துக்கலாம்."

விரிசலைக் கண்ணால் பார்த்த பிறகு சொல்கிறான்! கூடப் பிறந்தவன்! கொண்டுவந்த துணியையும் நூலையும் பைக்குள் திணித்தேன்.

"மாமா மனசு நோகக் கூடாதுன்னா நீ வாங்கிக்கண்ணே. எம் பிள்ளை வயிறு காயக் கூடாது எனக்கு."

"இம்புட்டுத் திமிரா? அப்ப எங்க வீட்டுல உனக்கு இடமில்ல."

"சரிண்ணே."

நான் அழுவேன், மாமாவிடம் மன்னிப்புக் கேட்பேன் என்று அண்ணன் நினைத்திருப்பான். சத்தியமாக அந்தச் 'சரி' எனக்கே புதுசு. மெஷின் வந்த பிறகுதான் அந்த வீட்டை விட்டுக் கிளம்ப முடியும் என்று நம்பி இத்தனை நாள் உட்கார்ந்திருந்த மடச்சி நான்.

அன்றே பள்ளிக்கூடம் விட்டதும் மகளைக் கூட்டிக்கொண்டு, துணிப்பைகளோடு ஒத்தக்கடையில் போய் இறங்கினேன். ரூத் டீச்சர் கதவைத் திறந்து என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"மெஷின் எங்கம்மா?"

"வரும் டீச்சர். யார் வீட்டுப் பொருளா இருந்தாலும் பிரிச்சுப் பாத்துத்தான் வாங்குவேன். மொதல்ல ரூம் சாவியக் குடுங்க."