விசில்காரனின் முகம்

சலவைக் கடை கவுண்டரில் அவள் சட்டைகளை எடுத்து வைத்தாள். வாங்க வந்த பெரியவர் ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் தட்டித் தட்டி எண்ணினார். அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். போர்க்காலத்தில், முகாம் மைதானத்தில் வரிசையாக உட்கார வைத்தவர்களின் தலைகளை விசில்காரன் இப்படித்தான் தட்டி எண்ணினான். எண்ணி முடித்து விசில் ஊதினான். துப்பாக்கிகள் வெடித்தன. அன்றோடு அவளுக்கு அக்கா இல்லை.

கடல் தாண்டி வந்து, பேரை மாற்றி, தலைக்குச் சாயமும் அடித்துக்கொண்டு, "காலர்ல கறை போகலையேம்மா" என்று குறை வேறு சொன்னான் அந்த மகராசன்.

அவன் வீட்டைக் கண்டுபிடித்து, பஸ் நிறுத்தத்தில் நின்று போனில் படம் எடுத்து, போர்க்குற்ற விசாரணை அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். கடைசியில் ஒரு பெண் அதிகாரி காது கொடுத்துக் கேட்டார்.

"நீங்க தூரத்துல இருந்து பாத்திருக்கீங்க. அது போதாது. அந்த வரிசையில இருந்த யாராவது வேணும்."

ஒரே ஒருவர் இருந்தார். அக்காவின் கணவர். பிணங்களுக்கு அடியில் கிடந்து பிழைத்தவர்.

"அவரைக் கூட்டிட்டு வாங்க. மேஜையில ஆறு பேர் படம் வைப்போம். அவரா பாத்து, அவரா எடுக்கணும். அதுவரைக்கும் இந்தப் படத்தை அவர் கண்ணுலயே காட்டக் கூடாது."

எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தாள். ஆனால் அத்தான் இப்போதெல்லாம் டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போடுகிறார். மூக்கின் மேல் கண்ணாடியை வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடுகிறார். அங்கே போய்த் திருதிருவென்று முழித்தால்? பட்ட பாடெல்லாம் பாழ். பரீட்சைக்குப் போகும் பிள்ளை பாடத்தை ஒருமுறை புரட்டிப் பார்ப்பதில்லையா என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, கிளம்பும்போது போனை நீட்டினாள்.

"அத்தான், இவன்தானே?"

அவர் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டார்.

அலுவலகத்தில் அவளை வெளியே உட்காரச் சொன்னார்கள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள். படங்களைப் பரப்பியதுமே அத்தானின் விரல் ஒன்றின் மேல் போய் நின்றது. அப்பாடா என்றிருந்தது. சிரித்தேவிட்டாள்.

அதிகாரி வெளியே வந்தபோது முகம் செத்துப் போயிருந்தது.

"இதுக்கு முன்னாடி யாராவது படத்தைக் காட்டினாங்களான்னு எல்லாரையும் கேப்போம். காலையில சின்னவ காட்டினாளேன்னு சொல்லிட்டார். ஏம்மா இப்படிப் பண்ணீங்க? நீங்க சொல்லிக் குடுத்த சாட்சின்னு அவன் வக்கீல் ஒரே நிமிஷத்துல தள்ளிடுவாரே."

"வேற வழியே இல்லையா மேடம்?"

"வரிசையில இருந்தவங்க வேற யாராவது இருக்காங்களா?"

இருக்க விட்டால்தானே! தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இனி அவன் பேரப்பிள்ளைகளோடு கொஞ்சி விளையாடிவிட்டு, நிம்மதியாகப் படுக்கையிலேயே சாவான்.

பஸ் நிறுத்தத்தில் அத்தான் கேட்டார்: "எப்பம்மா பிடிப்பாங்க?"

அவள் உடைந்துபோனாள். "பிடிக்க மாட்டாங்க அத்தான். நான் படத்தைக் காட்டினதால எல்லாம் போச்சு. உங்களுக்கு அவனை அடையாளம் தெரியாமப் போயிடுமோன்னு பயந்துட்டேன்."

"அவனையா?" அத்தான் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். "உங்க அக்கா முகமே இப்பல்லாம் சரியா நினைவுக்கு வர மாட்டேங்குது சின்னவளே. கண்ணை மூடினா அவன்தான் வந்து நிக்கிறான்."