மாப்பிள்ளையை அனுப்பி வைத்தது

எங்கள் வீட்டு நாய்க்கு மாப்பிள்ளை என்று பேர் வந்தது சும்மா இல்லை. தட்டை வைத்ததும் சாப்பிட்டுவிட மாட்டான். "சாப்பிடுங்க மாப்பிள்ள" என்று ரெண்டு தடவையாவது கெஞ்ச வேண்டும். கெஞ்சுகிறவர் என் வீட்டுக்காரர். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

தச்சு வேலையில் இழுத்த மரத்தூள் அவர் நெஞ்சைக் கெடுத்துவிட்டது. பட்டறையை மூடியும் இழுப்பு நிற்கவில்லை. நாய் முடி கூடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இவரோ, "அவன் இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்" என்றார். மாடிப்படி ஏறினாலே பாதியில் உட்கார்ந்துவிடுகிற மனுஷன் என்னத்தைப் பார்த்துக்கொள்வார்?

"உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நானும் அவனும் நடுத்தெருவுல நிக்கணுமா?" என்று கத்தினேன். கத்திவிட்டு, சமையலறையில் போய் அழுதேன்.

அதற்காகக் கேட்டவர் கையிலெல்லாம் பிடித்துக் கொடுத்துவிட முடியுமா? இரும்புக் கடைக்காரர் ராத்திரிக் காவலுக்குக் கட்டிப்போடக் கேட்டார். "அதுக்குப் பெரிய பூட்டா வாங்கிக்கோங்க" என்று அனுப்பிவிட்டேன். கடைசியில் அமைந்தவர் பள்ளி பஸ் ஓட்டும் அக்கா. நான் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு வழக்கமாக வருகிறவர். மகளுக்கு வீடு பார்க்கிற மாதிரி போய்ப் பார்த்தேன். மதில் உயரம், நிழல் விழும் இடம், எதையும் விடவில்லை.

"வீட்டோட மாப்பிள்ளையா அனுப்புறோம். மரியாதை குறையக் கூடாதுக்கா" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

கொண்டு விடப் போன அன்று இவரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். கிளம்பும்போது 'போயிட்டு வரேன்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொல்லிவிட்டு யார் வெளியே போனாலும், அவர் திரும்பி வரும்வரை மாப்பிள்ளை வாசலை விட்டு நகர மாட்டான். இவரும் தலையாட்டினார். கேட் வரை வாயே திறக்கவில்லை. "சரி தம்பி" என்று அந்த அக்கா சொன்னதுதான் தாமதம், "போயிட்டு வரேங்க்கா" என்றார். மாப்பிள்ளை கேட்டருகே படுத்துவிட்டான்.

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாதா உங்களால?"

"தானா வந்துடுச்சு. வேற எப்படிச் சொல்லிட்டு வர்றது?"

அதுவும் நியாயம்தான். வெறுமனே 'போறேன்' என்று யார் சொல்வார்கள்? திரும்பி வராதவர்கள் சொல்கிற சொல் அல்லவா! இவருக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து அந்தச் சொல்லை விளையாட்டுக்குக்கூட வீட்டில் விட்டதில்லை நான்.

மறுநாள் அக்கா போன் செய்தார். "பச்சத் தண்ணிகூடக் குடிக்கலம்மா. கேட்டையே பாத்துட்டுக் கெடக்கான்."

"கூட்டிட்டு வந்துடலாமா?" என்று கேட்டார் இவர். அதைக் கேட்பதற்குள்ளேயே மூச்சு வாங்கியது. எனக்கும் ஆசைதான், பாவி மனசு.

"வேணாங்க. நீங்க குடுத்த வாக்கு, நீங்களே போய் முடிச்சுட்டு வாங்க" என்றேன். நானும் கூடப் போனேன்.

இவரைக் கண்டதும் மாப்பிள்ளை குதித்த குதியைச் சொல்லி முடியாது. கெஞ்சாமலேயே தட்டைக் காலி செய்தான். இவர் முகத்துக்குத் துணியைக் கட்டிக்கொண்டு அவன் தலையைத் தடவினார். பிறகு எழுந்தார்.

"நான் போறேன்டா."

அவன் கேட்டறியாத சொல். தலையைச் சாய்த்துப் பார்த்தான், படுக்கவில்லை. அக்கா உள்ளேயிருந்து கூப்பிட்டதும், எங்களை ஒரு தடவை பார்த்துவிட்டு அவர் பின்னால் போய்விட்டான். நல்லபடியாக முடிந்ததென்று சந்தோஷப்பட வேண்டியவள் நான். கேட்டை விட்டு நகராமல் நின்றதென்னவோ நான்தான்.

தெருமுனையில் இவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அவன்கிட்டச் சொன்னது சரி. எங்கிட்ட மட்டும் அதச் சொல்லிடாதீங்க."

மனுஷன் மூச்சு வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றார்.