துபாய்ப் பல்லி

நெல்லுக்குள்ள முழங்கை வரைக்கும் கைய உட்டுத் தொழாவிட்டு இருந்தா செல்லாத்தா. டப்பா கைக்குச் சிக்க மாட்டேங்குது. சத்தம் மட்டும் வந்துட்டே இருக்குது. டிக் டிக் டிக் டிக். சித்தெ நேரம் நிக்கும். அப்பாடான்னு மூச்சு உடறதுக்குள்ள மறுபடியும் டிக் டிக் டிக்.

சொவுத்துக்கு அந்தப் பக்கம் முன்னாடி ஆசாரத்துல, அக்காளப் பொண்ணு பாக்க வந்த ஒறம்பரைச் சனம் எட்டுப் பேரு பாய் விரிச்சு உக்காந்திருந்தாங்க. அதுவரைக்கும் மழை, மோட்டாரு, தேங்கா வெலைன்னு கசகசன்னு ஓடிட்டிருந்த பேச்சு படக்குன்னு நின்னு போச்சு.

போச்சு. கேட்டுருச்சு.

"கேட்டீங்களா?" மாப்பிள்ளையப் பெத்த அய்யன் ராக்கியப்பன் கொரலு.

"என்னதுங்க?" இது செல்லாத்தாளோட அய்யன் நாச்சிமுத்து.

"பல்லீங்க. கெழக்குச் சொவுரு. இந்தச் சம்பந்தம் கூடுமான்னு இப்பத்தான் மனசுல நெனச்சேன். நெனச்சு முடிக்கல, சொல்லிருச்சு பாருங்க. ஏழு தடவை."

வெரலை மடக்கித் தரையில மூணு தட்டுத் தட்டுனாரு. கூட வந்தவங்களும் தட்டுனாங்க. எதுக்கும் இருக்கட்டும்னு அய்யனும் தட்டுனாரு.

இன்னொருக்கா கத்துனா எட்டாயிருமே! எட்டுக்கு என்ன பலனோ! செல்லாத்தா பத்தாயத்துக்குள்ள தலையவே உட்டா. இடுப்புக்கு மேல நெல்லுக்குள்ள, இடுப்புக்குக் கீழ பாவாடை வெளிய. ஒரு வழியா டப்பா சிக்குச்சு. பாத்தா, நெல்லு ஒண்ணு பொத்தான் சந்துல போயி ஆப்படிச்சாப்பல மாட்டிட்டு நிக்குது. நெகத்துல நெம்பிப் பாத்தா, வரல. பொறகால மூடியத் தொறந்து பேட்டரியப் புடுங்கி, வைக்க எடம் தெரியாம வாயில போட்டு அடக்குனா. அதோட ரெண்டு கொமிழும் நாக்குல பட்டுச் சுரீர்னு இழுத்துச்சு. கத்த முடியுமா? கண்ணுல தண்ணி மட்டும் கொட்டுச்சு.

ஆசாரத்துல ராக்கியப்பன், "தாம்பாளத்தைக் கொண்டாங்க, மாத்திக்கலாம்"னு சொல்றது கேட்டுச்சு.

அவ அப்படிப் பதறுனதுல தப்பே இல்ல. ராக்கியப்பன் வண்ணாமடைக்காரரு. பல்லி சொல்லாம கடலைக்காய் வெதைக்க மாட்டாரு. பல்லி சொல்லாம மாட்டுக்கு வெலை கேக்க மாட்டாரு. மகன் சென்னியப்பனுக்குப் பாத்த ரெண்டு பொண்ணைப் பல்லி பேச்சைக் கேட்டுட்டு வேண்டாம்னுட்டு எந்திரிச்சவரு. ஒரு ஊட்டுல தெக்கால கத்திப் போச்சாம். இன்னொரு ஊட்டுல ரெண்டு மணி நேரம் உக்காந்தும் கத்தவே இல்லியாம்.

அந்த சென்னியப்பனைத்தான் அக்கா தெய்வாத்தா கட்டோணும்னு இருக்கறா. அவனுக்குப் பக்கத்துல இருக்கற சித்தூரு காலேஜுல, லேபுல ஜோலி. அவ சித்தூருக்கு டைப்பு படிக்கப் போறவ. பஸ்சுல அவளுக்கு எடம் போட்டுக் கைக்குட்டைய விரிச்சு வெச்சிருப்பான். அவ வந்தா எடுத்துக்குவான். ஒன்றரை வருசமா ரெண்டு பேருக்கும் நடுவுல நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான். ஆனா ஒரு நாள் அந்தக் கைக்குட்டை இல்லாட்டி அக்கா சோறு திங்க மாட்டா. இது ஊட்டுல செல்லாத்தா ஒருத்திக்குத்தான் தெரியும்.

டப்பா வந்தது வைகாசியில. எழுவத்தி ஏழுல துபாய்க்குப் போன அண்ணன் பொன்னுச்சாமி, ரெண்டு வருசம் கழிச்சு லீவுக்கு வந்தான். ஊடு நெறைய சனம் பாக்கப் பொட்டியத் தொறந்து ஒண்ணொண்ணா எடுத்து வெச்சான். டேப்பு ரிக்கார்டு. நைலக்ஸ் சேலை. வாசனை சோப்பு. தலைவலித் தைலம். கடைசியா, சோப்பு டப்பா அளவுக்கு வெள்ளையா ஒண்ணு. சுச்சைப் போட்டா மேல இருக்கற கண்ணாடிக்குள்ள செவப்பு செவப்பாக் கோடு ஓடுது, பொத்தானத் தள்ளுனா பீப் பீப்னு கத்துது.

"இது என்றா?"ன்னாரு அய்யன்.

"காருங்கய்யா. கீழ இருக்கறது நம்ம காரு. எதுக்க வாரதெல்லாம் மத்தவன் காரு. இந்தப் பொத்தானத் தள்ளித் தள்ளி, இடிக்காம போகோணும். இப்பத்தான் புதுசா வந்திருக்குது. அங்க கடையில சனம் முண்டியடிக்குது."

"எந்த ஊருக்குப் போகோணும்?"

"எங்கயும் போகாதுங்கய்யா."

"எங்கயும் போகாத காருக்கா ரெண்டு வருசம் வெயில்ல காஞ்சே? சோப்பு மணக்குது, டேப்பு பாடுது. இது எதுக்குடா ஆகும்?"

அம்மா பழனாத்தா, "செவப்பு வெளிச்சம் கண்ணைத் தின்னுரும், அதை எடுத்து அக்கட்டால வையி சாமி"ன்னா. பக்கத்து ஊட்டு டெய்லரு சுவக்கீன் தூர நின்னே பாத்தாரு. "பொன்னுச்சாமி, அது நம்மளப் பாக்குதுடா. இங்க நடக்கற காரியமெல்லாம் அங்க தெரியும். நான் ஒண்ணுஞ் சொல்லல, பாத்து நடந்துக்க."

அது மொத நாளு. மூணாம் நாளு சுவக்கீன் ஒத்தை வெரல்ல தொட்டுப் பாத்தாரு. ஏழாம் நாளு கத்திரிக்கோலக் கக்கத்துல இடுக்கிட்டு விடியக் காத்தால வந்து நின்னாரு. "நேத்து முப்பத்தி ரெண்டாவது காருல இடிச்சுப் போட்டேன். மனசே ஆறல. ஒருக்காக் குடு சாமி." பள்ளிக்கூடம் தொறக்கற சமயம். ஊர்ப் புள்ளைங்க யூனிபாரமெல்லாம் ஒரு கை மட்டும் வெச்சுத் தெச்சு அவரு கடையில தொங்குச்சு.

அம்மா ஒரு நாள் பருப்பு வேகற வரைக்கும்னு உக்காந்தா. பருப்பு வெந்து, தீஞ்சு, சட்டியும் கருகிப் போச்சு. "நாப்பத்தி எட்டு!"ன்னா, தலைய நிமித்தாம. அதுக்கப்பறம் கண்ணைத் திங்கற பேச்சே கெடையாது. "இத வெளையாடுனதுல இருந்து எனக்கு ஊசியே கோக்க முடியுது"ன்னு சுவக்கீன் சம்சாரத்துகிட்ட வைத்தியம் சொல்லிட்டு இருந்தா.

அய்யன் மட்டும் மசியல. அதாவது, மசிஞ்சத யாரும் பாக்கல. தண்ணி பாய்ச்சப் போறப்ப டப்பா அவரு மடியில போச்சு. ஒரு நாள் தண்ணி மடையத் தாண்டி, வரப்ப ஒடச்சு, பக்கத்துக் காட்டுக்காரனோட கடலைக்காயில போயி ரொம்பிருச்சு. அவன் ஓடி வந்து கூப்பாடு போட்டா, நம்ம அய்யன் தலையக் கூடத் தூக்காம, "இருடா, வண்டி வருது"ன்னாராம்.

சந்தையில ஆளுக்காளு அதையே சொல்லிச் சிரிச்சாங்க. ஒரு சாயாக் கடை பாக்கியில்ல. அன்னைக்கு ஊட்டுக்கு வந்து அய்யன் குதிச்சாரு பாரு. "சனியன்! குடும்பத்தைக் கெடுக்க வந்த சனியன்! இனி இந்தச் சத்தம் என்ற காதுல உழுந்துச்சுன்னா, டப்பாவும் கெணத்துல, அமுத்துன கையும் கெணத்துல!"

அண்ணன் லீவு முடிஞ்சு துபாய்க்கே போயிட்டான். ராக்கியப்பன் வாரதுக்கு மொத நாள் அய்யன் மறுபடியும் சொன்னாரு. "அவரு சகுனம் பாக்கற மனுசன். இதைப் பாத்தா, ஊட்டுக்குள்ள குட்டிச்சாத்தான் வெச்சிருக்கறோம்னு நெனச்சுக்குவாரு."

செல்லாத்தா அதுவரைக்கும் தாண்டுனது அம்பத்தி ஒம்பது. இன்னும் ஒரே ஒரு காரு தாண்டுனா அறுவது. ஒறம்பரை பத்து மணிக்குத்தான வாராங்க, ஒரே ஒரு தடவைன்னு உள்ரூட்டுல உக்காந்தா. அவங்க ஒம்பதுக்கே வந்துட்டாங்க. அய்யன் செருப்புச் சத்தம் கேட்டதும், சுச்சை அணைக்கக் கூட நேரமில்லாம டப்பாவப் பத்தாயத்துக்குள்ள சொருவுனா. நெல்லுக்கடியில போனதும் அந்தச் சத்தம் அசல் பல்லியாட்ட ஆகிப் போச்சு.

ஒறம்பரை போயி, ஊடு அடங்குன பொறகு அவளுக்குத் தூக்கம் வரல. பக்கத்துல படுத்திருந்த அக்காளச் சொரண்டுனா.

"அக்கா, சொன்னா அடிக்க மாட்டியே?"

"என்னடி?"

"அது பல்லி இல்லக்கா."

எல்லாத்தையும் சொன்னா. நாக்கு சுட்டது வரைக்கும். அக்காளோட போர்வை குலுங்குச்சு. சிரிக்கறாளா அழுவறாளான்னு தெரியல. கன்னத்தைத் தொட்டுப் பாத்தா ஈரம்.

"யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

"உன்ற கிட்டத்தான்."

"வெளிய உட்டே, நாக்க அறுத்துப் போடுவேன். பல்லிதான். நீயும் பல்லின்னே நெனச்சுக்க."

"சாமி குத்தம் ஆயிராதாக்கா?"

"மூணாவது பொண்ணும் பல்லியால போனா அது மட்டும் சாமிக்கு அடுக்குமா? தூங்குடி."

பத்து நாள்ல ராக்கியப்பன் ஆள் உட்டாரு. கலியாணத்தை ஆவணியில வெக்கறதா, தையில வெக்கறதா? அவரு ஊட்டுப் பல்லியெல்லாம் மழுப்புதாம். அதனால வெள்ளிக்கெழமை இங்க வந்து, இந்த ஊட்டுப் பல்லியவே கேட்டுக்கறாராம். அவ்வளவு தெளிவாப் பேசுன பல்லிய அவரு ஆயுசுல பாத்ததில்லியாம்.

அய்யனுக்குத் தை வேணும், வெள்ளாமைய எடுத்துட்டுக் கலியாணம் பண்ண. அக்காளுக்கு ஆவணி. தை வரைக்கும் உட்டா, நடுவுல எந்தப் பல்லி என்னத்தைச் சொல்லி மாமனாரு மனசு மாறுவாரோங்கற பயம்.

"அவரு ஆவணின்னு வாயத் தொறந்ததும் அமுத்தோணும். ஏழு. ஏழுக்கு மேல ஒண்ணு போச்சு, உன்னைய உசுரோட உடமாட்டேன்"னா அக்கா. சாமி குத்தத்தைப் பத்தி இப்ப ரெண்டு பேருமே பேசல.

செல்லாத்தா ரெண்டு நாள் ஒத்திகை பாத்தா. மேல ஒரு படி நெல்லு இருந்தா பல்லி. ரெண்டு படி இருந்தா தவளை. நெல்லே இல்லாட்டி டப்பா. வியாழக்கெழமை பொழுதோட, அளந்து ஒரு படி போட்டு மூடி வெச்சா.

வெள்ளிக்கெழமை ராக்கியப்பன் மகனையும் கூட்டிட்டு வந்தாரு. சென்னியப்பன் வாசல்லயே நின்னு செருப்பப் பாத்துட்டு இருந்தான். பெரியவரு கெழக்குச் சொவுத்தைப் பாத்துச் சம்மணம் போட்டு உக்காந்தாரு. "ஒருத்தரும் பேசப்படாது. இருமப்படாது." சுவக்கீன் வேற வேடிக்கை பாக்க வந்து, வாய ரெண்டு கையாலயும் பொத்திட்டு நின்னாரு.

"தாயே, சொல்லு. ஆவணியா?"

உள்ரூட்டுல செல்லாத்தா அமுத்துனா. ஒண்ணுமில்ல. சுச்சை அந்தப் பக்கம் தள்ளி, இந்தப் பக்கம் தள்ளிப் பாத்தா. ஒண்ணுமில்ல. வெளிய எடுத்துப் பாத்தா, கண்ணாடி கருப்பாக் கெடக்குது. பொறகால மூடியில வைக்கோல் துரும்பு ஒட்டிட்டு இருந்துச்சு. டப்பா பூராச் சாணி வாசம்.

கதவிடுக்குல எட்டிப் பாத்தா. மாடு கன்னு போடறாப்பல இருக்குதுன்னு நேத்துக் கட்டுத்தறியிலயே படுத்துக்கிட்ட அய்யன், ஆசாரத்துல கண்ணு ரெண்டும் செவந்து உக்காந்திருந்தாரு. மாடு சும்மா நின்னு அசை போட்டுட்டு இருந்தத அவளே காத்தால பாத்தா. அய்யனோட கட்டை வெரலு மட்டும் தொடை மேல அதும்பாட்டுக்கு அசைஞ்சுட்டு இருந்துச்சு. இடது. வலது. இடது. இடது.

"அமுத்துடி"ன்னு பக்கத்துல நின்ன அக்கா தோளைக் கிள்ளுனா.

"செத்துப் போச்சுக்கா. அய்யன் தீத்துட்டாரு."

"வேற பேட்டரி?"

"பொள்ளாச்சிக்குத்தான் போகோணும்."

"ஆவணியா?"ன்னாரு ராக்கியப்பன் ரெண்டாந் தடவை. "அப்ப, தையா?"

டிக் டிக் டிக் டிக்.

செல்லாத்தா கையப் பாத்தா. டப்பா செத்துத்தான் கெடக்குது. ஆசாரத்து உத்தரத்துல, வாலத் தூக்கிட்டு, கொழுகொழுன்னு ஒரு நெசப் பல்லி.

அய்யனுக்கு வந்த சந்தோசத்தைப் பாக்கோணுமே. "தை! சொல்லிருச்சுங்க, சொல்லிருச்சு!" தரையத் தட்டு தட்டுன்னு தட்டுனாரு. அக்கா சொவுத்துல சாஞ்சு கண்ண மூடிட்டா.

ராக்கியப்பன் தட்டல. தலையச் சாச்சுக் காத வெச்சுக் கேட்டாரு.

"இருங்க மச்சான். இது அது இல்ல."

"பல்லிதானுங்களே? அதா, வாலாட்டிட்டு இருக்குதுங்களே?"

"பல்லிதான், யாரு இல்லைன்னா? ஆனா ஒரு சுத்தமில்லீங்க. வெத்தல போட்டுட்டுப் பேசறாப்பல கொழகொழங்குது. அன்னைக்குப் பேசுனது கணீர்னு, ஒண்ணு ஒண்ணா, அளந்து வெச்சாப்பல பேசுச்சு. இதெல்லாம் வாக்குல சேராதுங்க."

நெசப் பல்லி இன்னொருக்காக் கத்திப் பாத்துச்சு. பெரியவரு, "ச்சூ, சும்மா இரு"ன்னு அதை அதட்டுனாரு.

அப்பறம் துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டு எந்திரிச்சாரு. "அது மறுக்காப் பேசாம நான் ஊடு போகப் போறதில்ல. பேசலைன்னு வைங்க, அன்னைக்குப் பேசுனதே நெசமான்னு எனக்கு ரோசனையாப் போயிரும். அப்பறம் தாம்பாளத்தைப் பத்தியும் ரோசிக்கோணும்."

வாசல்ல சென்னியப்பன் தலையத் தூக்குனான். அக்கா செல்லாத்தாளோட மணிக்கட்டைப் புடிச்ச புடியில நெகம் இறங்கிப் போச்சு.

பெரியவரு நேரா உள்ரூட்டுக் கதவைத் தள்ளுனாரு. செல்லாத்தா டப்பாவ நெல்லுக்குள்ள அமுக்கி, கையையும் வெளிய எடுக்காம அப்படியே நின்னா. தலையெல்லாம் உமி. பெரியவரு பத்தாயத்தைப் பாத்தாரு, கெழக்குச் சொவுத்தைப் பாத்தாரு, அப்பறம் அவ பக்கத்துல குனிஞ்சு, கோயில்ல பேசறாப்பல மெதுவாக் கேட்டாரு.

"ஏங்கண்ணு, நீ இங்கயே இருக்கற புள்ளை, உனக்குத் தெரியாம இருக்காது. அன்னைக்குப் பேசுச்சே, அந்தப் பல்லி எங்க?"